பழைய வேட்டியும் பச்சைக் குழந்தையும்

ஆரணியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள் நான். துணிக்குக் குறைவில்லாத வீடு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் எந்நேரமும் ஒரு பட்டுப்புடவை தறியில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எங்களுடையது அன்று. பட்டும் சரிகையும் முதலாளி எடைபோட்டுக் கொடுத்தவை. நெய்து முடித்து அறுத்ததும் மடித்து, மறுபடி எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தத்துக்குப் போகிற துணி அது. எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டிக்கொண்டது நூல் புடவை.

2009-ஆம் ஆண்டு தலைப்பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன துணி என்ற பேச்சு எழுந்ததும் ஆயா (என் அப்பாவின் அம்மா) பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாள். உள்ளே தாத்தாவின் வேட்டிகள். அவர் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. நாட்பட்ட நூல் வேட்டிகள், கரை நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்தவை. ஆயா ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் பல்லால் ஒரு கீறல் கீறி, நேர்கோடாகக் கிழித்தாள். நெசவு வீட்டுப் பெண்களுக்குத் துணியைக் கத்தரிக்கோல் இல்லாமல் இழை பிடித்துக் கிழிக்கத் தெரியும். கிழித்த துண்டுகளை வெந்நீரில் அலசி மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டு மூடி வைத்தாள்.

சென்னையிலிருந்து என் கணவர் ஒரு பெட்டி நிறைய வாங்கி அனுப்பியிருந்தார்: ஜப்லா சட்டைகள், காலுறை, கையுறை, குல்லாய், பூனைக்குட்டிப் படம் போட்ட மெத்தென்ற போர்வை. ஆயா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தை பிறப்பதற்கு முன் துணி வாங்குவதே தவறு. பிறந்தாலும் பதினாறாம் நாள் வரை புதுத்துணி உடம்பில் படக்கூடாது. நிறைய நாள் வாழ்ந்தவர்களின் துணியில் குழந்தையை ஏந்தினால் அந்த ஆயுள் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது அதற்கான விளக்கம். நான் அப்போது முதுகலைப் பட்டமும் வாதம் செய்யும் ஆர்வமும் உள்ளவளாக இருந்தேன். "ஏன் ஆயா, பட்டு நெய்கிற வீட்டில் பட்டிலேயே போட்டால் என்ன?" என்று கேலியாகக் கேட்டேன். "பட்டு பாக்கறவங்களுக்குடி. நூலுதான் கட்டிக்கறவங்களுக்கு" என்றாள்.

அதில் இருந்த நெசவறிவு பின்னால்தான் புரிந்தது. கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் அதன் எடையில் ஏறக்குறைய கால்பங்கு பசையாகக் கரைந்துபோகும். அந்தப் பசை போனால்தான் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வரும். கடையிலிருந்து வரும் புது நூல்துணியிலும் கஞ்சியும் சாயமும் இருக்கிறது. அது ஈரத்தை உடனே உறிஞ்சாது, தோலை உரசும். தாத்தாவின் வேட்டிக்கு அந்தப் பசை நீக்கும் வேலையை முப்பது வருடத் துவைத்தல் செய்து முடித்திருந்தது. பச்சைக் குழந்தையின் தோலுக்கு அதைவிடப் பொருத்தமான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது என்று இன்றைக்கும் சொல்வேன். எந்தத் துணி என்பதில் ஆயாவுக்கும் எனக்கும் சண்டை வரவில்லை. எத்தனை என்பதில்தான் வந்தது.

கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள் மகள் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். எங்கள் பக்கத்துக் கத்திரி வெயிலைப் பற்றி வேலூர், திருவண்ணாமலைக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை; வெப்பமானி நாற்பதைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. எனக்கும் குழந்தைக்கும் ஒதுக்கப்பட்டது தறிக்கூடத்தை ஒட்டிய உள்ளறை. குழித்தறி இருக்கும் இடத்தில் காற்றாடி ஓடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காற்றடித்தால் பாவு இழை உலர்ந்து அறும். குழியின் ஈரப்பதம்தான் இழையைக் காப்பாற்றும். ஆகவே தறிக்கூடத்தில் காற்றாடி கிடையாது. உள்ளறையில் இருந்ததையும் "பச்ச ஒடம்புக்காரிக்குக் காத்து ஆகாது" என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். சன்னலுக்குப் பழைய புடவையால் திரை. மாலையில் சாம்பிராணி.

அந்த அறையில்தான் ஆயா குழந்தையைச் சுற்றினாள். முதலில் இடுப்புத் துணி. அதன்மேல் வேட்டித் துண்டால் ஒரு சுற்று, கைகளை உள்ளே அடக்கி. அதன்மேல் இன்னொரு சுற்று. பிறகு தலையோடு சேர்த்து ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டிலேயே தடிமனானதாக இருந்த துருக்கித் துண்டு. முகம் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளியே தெரியும். நான் அவிழ்ப்பேன், குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி சுற்றியிருக்கும். "கொழந்தைக்குக் குளுருதுடி" என்பாள். நாற்பத்தோரு டிகிரியில்.

ஐந்தாம் நாள் இரவு குழந்தை பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டு உறங்கிப்போனாள். முகம் செக்கச் சிவந்திருந்தது. கழுத்தில் கை வைத்தால் அடுப்பருகில் வைத்ததுபோல் இருந்தது. இரவு பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து ஒரு குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆயா உட்கார்ந்திருந்தாள். வேறு யாரிடமும் தரவில்லை.

மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மேசைமேல் கிடத்தி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்த்ததை மடித்து ஓரமாக வைத்துக்கொண்டே எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." வெப்பமானி நூற்றொன்றுக்குச் சற்று மேல் காட்டியது. பிரசவத்தைப் பற்றியும் தொப்புள் கொடியைப் பற்றியும் என்னிடம் கேட்டார். "இது துணியோட சூடாவும் இருக்கலாம், கிருமியாவும் இருக்கலாம். பொறந்து அஞ்சு நாள் கொழந்தைக்குச் சுரம்னா, துணிதான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு அனுப்ப முடியாது" என்றார். இரத்தம் எடுத்தார்கள். வேட்டித் துண்டு ஒன்றின்மேல் வெறும் இடுப்புத் துணியோடு, மெதுவாகச் சுற்றும் காற்றாடிக்கு அடியில் கிடத்தினார்கள். கால்மணி நேரத்தில் கை கால்களை விரித்து ஆட்டினாள். அரைமணியில் அழுதாள். அழுத வேகத்தில் பால் குடித்தாள். முக்கால் மணியில் வெப்பம் தொண்ணூற்றொன்பது. மறுநாள் வந்த பரிசோதனை முடிவிலும் கிருமி எதுவும் இல்லை.

கிளம்பும்போது மருத்துவர் ஆயாவிடம் கேட்டார்: "பாட்டி, நீங்க எத்தன துணி போட்டிருக்கீங்க?"

"ஒரு பொடவ."

"வெயில் காலத்துல அதே கணக்குத்தான் கொழந்தைக்கும்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் ஆயா அன்றிலிருந்து இரண்டு நாள் குழந்தையைத் தொடவில்லை. ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வெற்றி பெற்றவளின் கருணையோடு போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். (இப்போது நினைத்தால் கூசுகிறது.) மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போயிருந்தது. எல்லோரும் திண்ணையில் படுத்திருந்தோம். நான் கேட்காமலேயே ஆயா சொல்ல ஆரம்பித்தாள்.

"சண்டைக்குன்னு ஊரெல்லாம் நகை கழட்டிக் குடுத்தாங்களே, அந்த வருசம் மார்கழி."

சீன யுத்தத்தின் வருடம், 1962. ஆயாவுக்குப் பதினெட்டு வயது. அப்பாவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. விடிவதற்கு முன் பிறந்தது. சின்னக் குழந்தை, ஆனால் நன்றாக அழுதது. மருத்துவச்சி கிணற்றடியில் கால் நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் குழந்தையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உடம்பிலிருந்த வெண்மெழுகு எல்லாம் போகத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். துணியில் சுற்றி முறத்தில் கிடத்தினார்கள்.

"எம் பக்கத்துல வைக்கல. தீட்டு. மூணு நாளு சீம்பாலு குடுக்கக் கூடாதுன்னு பீச்சிக் கீழ ஊத்தச் சொன்னாங்க. சக்கரத் தண்ணியப் பஞ்சுல தொட்டுத் தொட்டு வச்சாங்க. சாயந்தரம் யாரும் இல்லாத நேரத்துல கால தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்திச்சி. மாமியார்கிட்ட சொன்னேன். இன்னொரு துணி சுத்தினாங்க. ராத்திரி தொட்டேன். அப்பவும் சில்லுன்னு. இன்னொண்ணு சுத்தினாங்க. மறுநாளு அழவே இல்ல."

மூன்றாம் நாள் போய்விட்டது.

"எத்தினி துணின்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நாலு. அஞ்சாவதா ஒண்ணு சுத்தியிருக்கலாம்" என்றாள் ஆயா.

மருத்துவர் எண்ணிய எண் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

அதன்பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலக்கியம் படிக்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாயின் வயிற்றுக்குள் குழந்தைக்குக் குளிர் என்பதே கிடையாது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் ஈரம். துடைக்காமல் விட்டால் முதல் பத்திருபது நிமிடத்திலேயே அதன் உடல்வெப்பம் இரண்டிலிருந்து நான்கு டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதிலும் தலை மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு. நமக்குக் குளிர்ந்தால் நடுங்கி வெப்பம் உண்டாக்குவோம். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. தோள்களுக்கிடையிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கையிருப்பும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 1997-இல் வெளியிட்ட கையேடு ஒன்றில் ஒரு கணக்கு இருக்கிறது: இருபத்து மூன்று டிகிரி அறையில் ஆடையில்லாமல் கிடக்கும் பிறந்த குழந்தை இழக்கும் வெப்பம், பனி உறையும் பூஜ்ஜிய டிகிரியில் ஆடையின்றி நிற்கும் பெரியவர் இழக்கும் வெப்பத்துக்குச் சமம். இருபத்து மூன்று டிகிரி என்றால் நமக்குச் சுகமான குளிர். மார்கழி விடியலில் எங்கள் ஊரில் பதினெட்டு, பத்தொன்பது வரை இறங்கும், கிணற்றடி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆயா இதை எந்தக் கையேட்டையும் படிக்காமல் சொல்லியிருந்தாள். "கொழந்த ஒடம்பு ஆத்து மணலு மாதிரிடி. சூடும் ஒடனே ஏறும், குளுரும் ஒடனே ஏறும்." கமண்டல நாகநதியில் வருடத்தில் பாதி நாள் மணல்தானே ஓடுகிறது. மதியம் கால் வைக்க முடியாத மணல் நள்ளிரவில் சில்லிட்டுக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். குழந்தையைப் பற்றிய அவளுடைய அறிவு சரி. துணியைப் பற்றியதுதான், துணியிலேயே வாழ்ந்த பெண்ணுக்கு, தவறிப்போனது.

துணி சூடு தராது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சூடான குழந்தையைச் சுற்றினால் சூடு தங்கும். கத்திரியில் என் மகளுக்கு நடந்ததுபோல் வழியின்றி ஏறவும் செய்யும். குளிர்ந்துபோன குழந்தையை நான்கு அல்ல, நாற்பது துணியால் சுற்றினாலும் அது குளிர்ந்த குழந்தையாகவே இருக்கும். வெளியிலிருந்து வரக்கூடிய சூட்டையும் அத்துணி தடுத்துவிடும். அந்த 1997 கையேடு பத்துக் கண்ணிகள் கொண்ட ஒரு 'வெப்பச் சங்கிலி'யைச் சொல்கிறது. அறையைச் சூடாக வைத்திருப்பது, பிறந்ததும் துடைப்பது, தாயின் வெற்று மார்பின்மேல் கிடத்துவது, தாய்ப்பால் கொடுப்பது, குளிப்பாட்டுவதையும் எடை பார்ப்பதையும் தள்ளிப்போடுவது, இவையெல்லாம் முதலில் வருகின்றன. துணியும் போர்வையும் அதற்குப் பின்னால்தான். குளியலை முதல் இருபத்துநான்கு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது அதே நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை. 1962 மார்கழியில் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகள் எல்லாம் அறுந்திருந்தன. குளியல் இருந்தது, தாய் இல்லை, சீம்பால் இல்லை. கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை எதனால் இறந்தது என்று அறுபது வருடம் கழித்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எடைக்குறைவு, நோய்த்தொற்று என்று எதுவும் இருந்திருக்கலாம். ஆனால் ஐந்தாவது துணி அதைக் காப்பாற்றியிருக்காது என்று மட்டும் தெரிகிறது.

இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் தொடங்கியது. அங்கிருந்த தாய்சேய் மருத்துவமனையில் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குறைமாதக் குழந்தைகள், தொற்றில் சாவுகள். எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இடுப்புத் துணியும் குல்லாயும் தவிர எதுவும் போடாமல் குழந்தையைத் தாயின் மார்பில் நெட்டுக்குத்தாகக் கட்டிவைக்கச் சொன்னார். 'கங்காரு முறை' என்று அது பெயர் பெற்றது. டெல்லி உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரு கிலோவுக்கும் ஒன்றேமுக்கால் கிலோ சுமாருக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே இப்படித் தாயோடு சேர்த்தபோது முதல் மாதச் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்கே பச்சைக் குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து 1999-இல் வெளியிட்ட முடிவுகளும் இங்கே நினைக்கத்தக்கவை. வீடு தேடிச் சென்று பார்க்கும் அந்தப் பெண்களின் வேலையில் குழந்தையின் வெப்பத்தைக் காப்பதும் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலேயே அங்கே பச்சிளங்குழந்தைகளின் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

மறுபுறம், அதிகமாகப் போர்த்துவதன் ஆபத்தை உலகுக்குச் சொன்னவை குளிர்நாடுகள்தாம் என்பது வேடிக்கை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளில் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களும், கனமாகப் போர்த்தப்பட்டவர்களும் அதிகம் என்று காட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பெரியவர்கள் சௌகரியமாக உணரும் உடையைவிட ஒரு சுற்றுக்கு மேல் குழந்தைக்குக் கூடுதலாக வேண்டாம் என்கிறது. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குப் பின் வீட்டுக்குள் குல்லாயும் வேண்டாம் என்று 2022-இல் சொன்னது. 'ஒரு சுற்றுக் கூடுதல்' என்ற இந்தச் சூத்திரத்தைச் சென்னை, ஆரணிக் கத்திரியில் அப்படியே பின்பற்றும் படித்த தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களே சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொள்ளும் அறையில் குழந்தை காலுறை, கையுறை, குல்லாயுடன் கிடக்கும். சூத்திரத்தில் 'சௌகரியமாக உணரும்' என்ற சொற்களை யாரும் கவனிப்பதில்லை.

அரசாங்கங்களும் இந்தக் கேள்விக்குத் தங்கள் விடையைச் சொல்லியிருக்கின்றன. பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு அட்டைப் பெட்டி நிறையக் குழந்தைத் துணி கொடுக்கத் தொடங்கியது; 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும். பனிக்கான முழு உடையும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதினாறு பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தரத் தொடங்கினார்கள். அதில் ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு இடுப்புத் துணி. அவற்றோடு கொசுவலையுடன் கூடிய படுக்கை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். பின்லாந்துக்குப் பனி என்றால் நமக்குக் கொசு. யாரோ நம் ஊரை நினைத்துத்தான் பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சண்டை தீர்ந்தது சூத்திரத்தால் அல்ல. பத்தாம் நாளோ என்னவோ, சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆயாவின் கையைப் பிடித்து, புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்தார், பிறகு உள்ளங்காலில். "ரெண்டும் வெதுவெதுப்பா இருந்தா நல்லது. வயிறு வெதுவெதுப்பா, கால் மட்டும் ஜில்லுன்னா குளிர ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். ஒடனே மார்ல போட்டுக்கிட்டுப் போர்த்துங்க. ரெண்டுமே ஜில்லுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வயிறு கொதிச்சா துணியக் கழட்டுங்க. கழட்டியும் சூடு எறங்கலன்னா அப்பவும் ஓடுங்க." அவ்வளவுதான் பாடம். ஆயாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. பாவில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து நாற்பது வருடம் பழகிய கை. வெப்பமானியை நம்பாதவள் தன் கையை நம்பினாள்.

அன்றிலிருந்து துணிக்கணக்கு முழுவதும் அவள் வசம். பகல் பதினோரு மணியிலிருந்து மாலை ஐந்து வரை இடுப்புத் துணி மட்டும். மாலையில் ஒரு வேட்டித் துண்டு, கைகள் வெளியே. தறிக்கூடத்துச் சட்டத்தைத் தானே மீறி உள்ளறைக் காற்றாடியை ஓடவிட்டாள், குழந்தைமேல் நேராகப் படாமல். விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவில் பாவு நீட்டுகிறவர்களின் குரல் கேட்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க அவர்கள் அந்நேரத்துக்கே வந்துவிடுவார்கள். அந்தக் குரல் கேட்டதும் எழுந்து வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்ப்பாள். கத்திரியிலும் எங்கள் ஊரில் அந்த ஒரு மணி நேரம் சற்றே தணிந்திருக்கும். தேவைப்பட்டால் இன்னொரு துண்டை மேலே போடுவாள். பெரும்பாலும் போடமாட்டாள். தொட்டுப் பார்த்துவிட்டு, சற்று நேரம் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

நான் படித்தவற்றை அவளிடம் சொல்லவில்லை. வெயில் காலத்துத் துணியைப் பற்றி மட்டும் பேசினேன். மார்கழிக் குளியலைப் பற்றி, முறத்தைப் பற்றி, கீழே ஊற்றிய சீம்பாலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஐந்தாவது துணி என்ற நம்பிக்கை அவளை வருத்தியது உண்மைதான். ஆனால் அது அவள் பழகிவிட்ட வருத்தம். அதை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. கடந்த மார்கழியில் சித்தப்பா மகளுக்கு அரசு மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ இருநூறு கிராம். ஆயாவுக்கு எண்பது கடந்துவிட்டது, நடை தளர்ந்துவிட்டது, ஆனாலும் வந்தே தீருவேன் என்று வந்தாள். தங்கையின் நைட்டிக்குள், மார்பின்மேல், தவளைபோல் ஒட்டிக் கிடந்தான் குழந்தை. தலையில் குல்லாய், இடுப்பில் துணி. தங்கையையும் சேர்த்து மேலே ஒரு கம்பளி.

"துணியே போடலியே?" என்றாள் ஆயா.

"போர்வ இருக்கு பாருங்க பாட்டி" என்றார் செவிலியர்.

"குளிப்பாட்டியாச்சா?"

"இன்னைக்குக் குளிப்பாட்ட மாட்டோம். ஈரம் பட்டா கொழந்த ஜில்லிட்டுப் போயிடும். தொடச்சி அம்மா மேல போட்டுட்டோம். ஒரு மணி நேரத்துக்குள்ள பால் குடிச்சிட்டான்."

ஆயா போர்வைக்குள் கையை விட்டு அவன் காலைத் தொட்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டாள். "அப்ப அன்னிக்கு எம் பக்கத்துல வச்சிருந்தா?"

"அந்தக் காலத்துல எல்லா வூட்லயும் அப்படித்தான ஆயா செஞ்சாங்க."

"எல்லா வூட்லயும் சாவலியே."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாள். தாத்தாவின் வேட்டி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இப்போது பல் இல்லை; என்னை விளிம்பில் ஒரு வெட்டு வெட்டச் சொல்லி, இழை பிடித்து அவளே கிழித்தாள். மறுநாள் காலை கஞ்சித் தூக்கோடு அந்தத் துண்டுகளையும் கொடுத்தனுப்பினாள். எத்தனை சுற்ற வேண்டும் என்று இந்தமுறை சொல்லவில்லை. காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றாள்.